சாராள் ஏன் நகைத்தாள்? பெண்கள் நடத்தும் தொலைக்காட்சி நகைச்சுவையும் பார்வையாளரின் சினமும்

தொலைக்காட்சியில் வரும் நகைச்சுவை, இறையியல் ஏடொன்றில் ஆராயத்தக்க பொருள்தானா என்னும் ஐயம் வாசகர் சிலருக்கு எழக்கூடும். ஒரு சமுதாயம் எதனை வணங்குகிறது என்பதை அதன் வழிபாட்டிலிருந்து அறிகிறோம். அது யாரை மதிக்கிறது, யாருக்கு அஞ்சுகிறது என்பதை அதன் நகைப்பிலிருந்து அறியலாம். மக்கள் நகைத்து மகிழும் நேரத்தில் தங்கள் உள்ளத்திற்குக் காவல் வைப்பதில்லை. ஆகவே, மந்தையை அறிய விரும்பும் மேய்ப்பன், மந்தை எதற்கு நகைக்கிறது என்பதையும், எந்த நகைப்பைக் கேட்டுச் சினம் கொள்கிறது என்பதையும் கவனிக்கவேண்டியவனாகிறான்.

சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த மொரப்பூரையும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியபின், கூலி வேலை செய்து பிழைப்போர் இல்லங்களிலும் அப்பெட்டி இடம்பெற்றது. இன்று அதன் பணியில் பாதியைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டுள்ளது. வேலை தேடி ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்றுவிட, பெண்களே குடும்பப் பாரத்தைச் சுமக்கும் வீடுகள் இப்பகுதியில் பல. அவ்வீடுகளில் மாலை வேளையில் மாமியாரும் மருமகளும் பிள்ளைகளும் ஒரே திரையின் முன் அமர்கின்றனர். அங்கே பிறக்கும் நகைப்பு, யார் யாரைக் குறித்து நகைக்கலாம் என்னும் எழுதாச் சட்டத்தை நாள்தோறும் கற்பிக்கிறது.

பெண்ணொருத்தி நகைப்புக்குரியவளாகத் திரையில் தோன்றும்போது நம் மக்கள் மகிழ்கின்றனர். அவளே நகைச்சுவையை முன்னின்று நடத்தி, பிறரை எள்ளத் தொடங்கும்போது அவர்களுள் பலர் முகம் சுளிக்கின்றனர். சிலர் சீறி எழுகின்றனர். நம் நாட்டில் மட்டுமின்றி மேலைநாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. இதன் காரணம் யாது? திருமறை இதனைக் குறித்து நமக்குக் கற்பிப்பது என்ன? இவ்விரு வினாக்களையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. நகையின் நான்கு நிலைக்களன்கள்

நகைப்பை ஆராய்வதற்குத் தமிழரிடம் பழமையான கருவியொன்று உண்டு. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து, நகையையே முதலில் வைக்கிறது. அந்நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைச் சொல்கிறது. எள்ளல் என்பது இகழ்ந்து நகுதல். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது, பிறர் புகட்டியதை அப்படியே கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என உரையாசிரியர் விளக்குவர்.

இந்நான்கினையும் உற்றுநோக்கின் ஒரு வேறுபாடு புலப்படும். இளமை, பேதைமை, மடன் ஆகிய மூன்றிலும் நகைப்புக்குரியவர் தாம் நகைப்புக்குரியவர் என்பதை அறியாமலேயே இருக்கலாம். எள்ளலில் அவ்வாறன்று. எள்ளுகிறவர் பார்க்கிறார், எடைபோடுகிறார், தீர்ப்புச் செய்கிறார். எள்ளல் ஒருவகையில் நீதிபதியின் இருக்கை.

இங்கே மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும். அச்சமும் நாணமும் மடனும் பெண்பாற்கு உரியவை என அதே நூல் களவியலில் கூறுகிறது. நகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்ட மடன், பெண்ணின் அணிகலன்களுள் ஒன்றாகவும் சொல்லப்படுவதைக் காண்க. மடனால் நகைப்பூட்டும் பெண் மரபுக்குள் நிற்கிறாள். எள்ளலால் நகைப்பூட்டும் பெண், அச்சத்தையும் நாணத்தையும் கைவிட்டவளாகக் கருதப்படுகிறாள். இவ்விலக்கணத்தைப் படித்திராத பார்வையாளரும் இன்றுவரை இதனைக் கடைப்பிடித்தே வருகின்றனர்.

2. நம் மேடையும் திரையும் வகுத்த எல்லை

தருமபுரிப் பகுதியில் தெருக்கூத்து இன்றும் வழக்கிலுள்ள கலை. அதில் அரசனையும் ஊராரையும் கேலிசெய்யும் உரிமை கட்டியக்காரனுக்கு உண்டு. அவன் ஆண். மரபுவழிக் கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவர். ஆகவே, பெண்ணின் குரலில் எழும் நகைச்சுவையையும் ஆணே பேசினான்.

திரைப்படம் வந்தபின் பெண்கள் நகைச்சுவையில் இடம்பெற்றனர். என். எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து டி. ஏ. மதுரம் நகைச்சுவையை அறிவூட்டும் கருவியாக்கினார். 1958இல் வெளிவந்த ‘மாலையிட்ட மங்கை’ வாயிலாகத் திரைக்கு வந்த மனோரமா, 2015 அக்டோபர் 10ஆம் நாள் மறையும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். இவ்வருங்கலைஞரின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவார் எவருமிலர். எனினும் வெள்ளந்திப் பெண்ணாகவும் வாயாடியாகவும் அவர் நகைக்க வைத்தபோது, கதையை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் வேறொருவரிடமே இருந்தது.

கோவை சரளா கணவனை அடித்து மிரட்டும் மனைவியாக நடித்த காட்சிகளுக்குத் தமிழ்நாடு முழுவதும் நகைத்தது. எள்ளும் பெண்ணைத் தமிழர் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். ஆழ்ந்து நோக்கின், அங்கே நகைப்புக்குரியவன் மனைவியிடம் அடிவாங்கும் ஆண்மகன். உலகம் தலைகீழானதைக் கண்டு நகைக்கிறோம். நகைக்கும்போதே, நேரான உலகில் அடிக்கும் கை எவருடையது என்பதை உறுதிசெய்துகொள்கிறோம். கணவன் மனைவியை அடிப்பது நாம் அறிந்த பல வீடுகளில் நகைச்சுவையாக இல்லை என்பதை ஆயர்கள் மறந்துவிடலாகாது.

தொலைக்காட்சியும் இவ்வழியிலேயே நடந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15இலும், சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. பெண்களை முன்னிறுத்திய நகைச்சுவைத் தொடர்களுள் மக்கள் மிகவும் விரும்பியது சன் தொலைக்காட்சியின் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’. இந்தியில் 1994இல் தொடங்கிய ‘தூ தூ மைன் மைன்’ தொடரையும் இதனோடு வைத்து எண்ணலாம். இரண்டிலும் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் எள்ளி மோதிக்கொண்டனர். இவற்றைக் குறித்து எவரும் கொதித்தெழவில்லை. எள்ளல் பெண்களுக்குள்ளேயே சுழன்று, வீட்டின் அடித்தளத்தைத் தொடாமல் நின்றதே இதற்குக் காரணம்.

பட்டிமன்றம் தமிழருக்கே உரிய நகைச்சுவை மேடையாகத் தொலைக்காட்சியில் வளர்ந்தது. பாரதி பாஸ்கர் போன்ற சிறந்த பேச்சாளர்கள் கணவன்மாரைக் குறித்து நயமாகக் கேலி பேச, அவையோர் கைதட்டினர். அங்கே எள்ளலுக்கு ஓர் அணி ஒதுக்கப்பட்டிருக்கிறது. இறுதித் தீர்ப்பு பெரும்பாலும் ஆணாகிய நடுவரின் கையில் இருக்கிறது. விஜய் தொலைக்காட்சியின் ‘கலக்கப்போவது யாரு’ போன்ற மேடைகளிலோ, புடவை கட்டிய ஆண்கள் மனைவியாகவும் மாமியாராகவும் தோன்றி நகைப்பூட்டுவது நிலையான வழக்கமாயிற்று. அறந்தாங்கி நிஷா போன்ற வெகு சில பெண்களே அவ்வகை மேடைகளில் தம் பெயரை நிலைநாட்டினர். தெருக்கூத்தின் வேடமரபு மின்விளக்கின் ஒளியில் இன்றும் தொடர்கிறது எனலாம்.

3. எல்லை கடந்தபோது நிகழ்ந்தவை

இவ்வெல்லை தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1951இல் ‘ஐ லவ் லூசி’ தொடங்கியது. லூசில் பால் நடத்திய அத்தொடரில், கணவனின் கலைமேடையில் தானும் ஏறத் துடிக்கும் மனைவி ஒவ்வொரு வாரமும் குழப்பம் விளைவித்துத் தோற்றாள். 1952இல் அந்நடிகை கருவுற்றபோது அதனைக் கதையிலும் சேர்த்தனர். கர்ப்பம் என்னும் சொல்லையே ஒலிபரப்பில் தவிர்த்தனர். கத்தோலிக்கக் குரு ஒருவரும், சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவரும், யூத ரபி ஒருவரும் அப்பகுதிகளின் உரையாடலைப் படித்துப் பார்த்தபின்னரே அவை ஒளிபரப்பாயின. 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பான மகப்பேற்றுக் காட்சியை ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பேர் கண்டனர். லூசி பேதைமையின் எல்லைக்குள் நின்றாள். திருச்சபையும் புன்முறுவலோடு இசைவளித்தது. ஆனால் திரைக்குப் பின்னே லூசில் பால் பேதையல்லர். 1962இல் முன்னாள் கணவரின் பங்கை விலைக்கு வாங்கி, பெரிய தயாரிப்பு நிறுவனமொன்றைத் தாமே நடத்திய பெண்மணி அவர்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் நிலைமை மாறியது. 1972 நவம்பரில் ‘மாட்’ என்னும் தொடரின் நாயகி, நாற்பத்தேழு வயதில் கருவுற்று, கருக்கலைப்பைத் தெரிந்துகொள்வதாகக் கதை அமைந்தது. 1973 ஆகஸ்டில் அது மறு ஒளிபரப்பானபோது பல உள்ளூர் நிலையங்கள் அதனை ஒளிபரப்ப மறுத்தன, விளம்பரதாரர்கள் விலகினர், கத்தோலிக்க ஆயர்கள் கண்டித்தனர். கருவின் உயிரைக் குறித்த அறநெறிக் கேள்வி இதில் அடங்கியிருந்ததால், இவ்வெதிர்ப்பு முழுவதையும் பெண்மீதுள்ள காழ்ப்பு எனத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்க, பின்னர் இது நமக்குப் பயன்படும்.

1992 மே 18 அன்று ‘மர்பி பிரவுன்’ தொடரின் நாயகியாகிய செய்தியாளர், மணமாகாத நிலையில் பிள்ளை பெற்றதாகக் காட்டினர். மறுநாளே துணைக் குடியரசுத் தலைவர் டேன் குவேல் தம் சான்பிரான்சிஸ்கோ உரையில், இக்கதைமாந்தர் தகப்பன்மாரின் தேவையை எள்ளுகிறார் எனக் குறைகூறினார். தகப்பன் இல்லாத வீட்டின் துயரம் மெய்யான துயரமே. நம் சபைகளிலும் அதனைக் காண்கிறோம். ஆயினும் பிள்ளைகளைக் கைவிட்டுச் சென்ற ஆண்கள்மீது எழவேண்டிய சினம், கற்பனைப் பெண்ணொருத்தியின்மீது திரும்பியது. ஒரு நாட்டின் உயர்ந்த பதவியில் இருப்பவர் நகைச்சுவைத் தொடர் ஒன்றோடு வழக்காடும் அளவிற்கு, நகைக்கும் பெண் அச்சமூட்டினாள்.

அண்மைக் காலத்தில் சினத்திற்குப் புதிய வாகனம் கிடைத்துள்ளது. முன்பு மடல் எழுதிய பார்வையாளர் இன்று இணையத்தில் மதிப்பெண் இடுகிறார். 2016இல் ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ என்னும் பழைய நகைச்சுவைப் படத்தைப் பெண்களை முதன்மையாகக் கொண்டு மீண்டும் எடுத்தபோது, படம் வெளிவருமுன்னரே வெறுப்பு பொங்கியது. அதில் நடித்த கருப்பினக் கலைஞர் லெஸ்லி ஜோன்ஸ், இனவெறி வசைகளைத் தாங்காமல் சில நாள் டுவிட்டரை விட்டே விலகினார். 2022 ஆகஸ்டில் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘ஷீ-ஹல்க்’ என்னும் நகைச்சுவைத் தொடருக்கும் மிகக் குறைந்த மதிப்பெண்களைக் கூட்டமாகச் சேர்ந்து பலர் இட்டனர். அத்தொடரை எழுதியவர்கள் இதனை முன்னரே எதிர்பார்த்து, அவ்வசைகளையே கதைக்குள் வைத்து எள்ளியிருந்தனர். இணைய மதிப்பெண்களை ஆராய்ந்து 2016இல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் இதழ் வெளியிட்ட கட்டுரையும் இங்கே கருதத்தக்கது. பெண்களுக்கென எடுக்கப்பட்ட தொடர்களுக்கு ஆண்கள் மதிப்பெண்ணை வெகுவாகக் குறைப்பதையும், ஆண்களுக்கென எடுக்கப்பட்டவற்றைப் பெண்கள் அந்த அளவிற்குக் குறைப்பதில்லை என்பதையும் அது எடுத்துக்காட்டியது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உள. 2020 ஜூலையில் மும்பை மேடைக் கலைஞர் அக்ரிமா ஜோஷுவாவின் பழைய காட்சிப் பதிவு ஒன்று பரவியது. சத்ரபதி சிவாஜி சிலைத் திட்டத்தைக் குறித்து இணையத்தில் பிறர் எழுதியவற்றை அவர் அதில் கேலிசெய்திருந்தார். அவர் மன்னிப்புக் கேட்ட பின்னரும், பாலியல் வன்முறை மிரட்டல்கள் வெளிப்படையாகவே வந்தன; வடோதரா காவல்துறை ஒருவரைக் கைதுசெய்தது. தமிழ்நாட்டில் 2019 மார்ச்சில் அனிதா உதீப் இயக்கி ஓவியா நடித்த ‘90 எம்எல்’ என்னும் நகைச்சுவைப் படம் வெளியானது. பெண்கள் கூடி மதுவருந்திப் பேசும் காட்சிகளை எதிர்த்து, நடிகையைக் கைதுசெய்ய வேண்டும் எனச் சென்னைக் காவல்துறையிடம் புகார் அளித்தவர்கள் ஒரு கட்சியின் மகளிர் பிரிவினர். ஆண்கள் மதுவருந்திக் கூத்தடிக்கும் காட்சிகள் பல்லாண்டுகளாக நகைச்சுவை என்ற பெயரிலேயே நம் திரைகளில் ஓடின. மதுவின் கொடுமையை நன்கறிந்த நாம் இரண்டையும் கண்டிக்கலாம். ஒன்றிற்கு நகைத்துவிட்டு மற்றொன்றிற்குக் காவல்துறையை அழைப்பதற்கு என்ன நியாயம் கூறுவோம்?

4. சினம் பிறக்கும் இடம்

மேற்கண்ட நிகழ்ச்சிகளை ஒப்புநோக்கின் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, சினம் நகைச்சுவையின் தரத்தைப் பொறுத்து எழுவதன்று. பார்க்குமுன்னரே மதிப்பெண்ணைக் குறைப்பவருக்கு, நகைச்சுவை நன்றாக உள்ளதா என்னும் கேள்வியே எழவில்லை. எள்ளுகிறவரின் இருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதே அவரது கேள்வி.

இரண்டாவது, இச்சினம் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. அச்சத்தையும் நாணத்தையும் காத்துக்கொண்டு, அதற்கு விலையும் கொடுத்து வாழ்ந்த பெண், அவற்றை உதறிவிட்டு நகைக்கும் பெண்ணைக் காணும்போது தன் வாழ்வே கேலிக்குள்ளானதாக உணரக்கூடும். மருமகள் உரக்க நகைக்கும்போது கதவைச் சாத்தச் சொல்லும் மாமியாரும், தன் இளமையில் அவ்வாறே அடக்கப்பட்டவர். ஆயர் அவரைக் கண்டிக்குமுன் புரிந்துகொள்ளுதல் நலம்.

மூன்றாவது, ஆண் நகைச்சுவையாளனின்மீது எழும் சினம் அவன் சொன்னதைத் தாக்குகிறது. பெண்ணின்மீது எழும் சினம் அவளது உடலையும் நிறத்தையும் கற்பையும் பிறப்பையும் தாக்குகிறது. பாலியல் வன்முறையை வாயால் மிரட்டுவது விமர்சனமாகாது. அது தண்டனை, பேசியதற்காக அன்றி, பேசத் துணிந்ததற்காக விதிக்கப்படும் தண்டனை.

இவை சென்னைக்கும் மும்பைக்கும் மட்டுமே உரிய செய்திகள் என எண்ணிவிடலாகாது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவாக்கப்பட்டபோது, அம்மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. பெண் பிறந்த வீட்டில் நகைப்பொலி அடங்கிய காலம் நமக்கு மிகத் தொலைவிலுள்ள காலமன்று. அவ்வாறு பிறந்து, பிழைத்து, வளர்ந்த பெண்பிள்ளைகள் இன்று கைப்பேசியில் தங்களைப் போன்ற பெண்கள் துணிந்து நகைப்பதைக் காண்கின்றனர். அதே திரையின் அடியில் அப்பெண்களுக்கு வரும் வசைகளையும் படிக்கின்றனர். இரண்டிலிருந்தும் அவர்கள் பாடம் கற்கின்றனர்.

5. இரு நகைப்புகள், இரு தீர்ப்புகள்

இனித் திருமறைக்கு வருவோம். ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில், தொண்ணூறு வயதுள்ள சாராள் பிள்ளை பெறுவாள் என்று கேட்ட ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து நகைக்கிறான். நூறு வயதானவனுக்குப் பிள்ளை பிறக்குமோ எனத் தன் இருதயத்தில் வினவுகிறான். அடுத்த அதிகாரத்தில், கூடாரவாசலில் நின்று அதே வாக்குத்தத்தத்தைக் கேட்ட சாராள் தன் உள்ளத்தில் நகைக்கிறாள். தன் முதுமையையும் கணவனின் முதுமையையும் எண்ணி வினவுகிறாள். இரு இடங்களிலும் எபிரெய மூலத்தில் வருவது ஒரே வினைச்சொல். நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் இரண்டிற்கும் ‘நகைத்தல்’ என்னும் சொல்லையே நேர்மையாகத் தருகிறது. காரணமும் ஒன்று, ஐயமும் ஒன்று.

வாசகர் சமுதாயம் இவ்விரண்டினையும் கேட்ட விதமோ வேறு. ஓன்கெலோஸின் அரமேயத் தர்கூம், ஆபிரகாமின் நகைப்பை ‘மகிழ்ந்தான்’ என மாற்றியது. சாராளின் நகைப்பை நகைப்பாகவே விட்டது. இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி இவ்வேறுபாட்டைச் சுட்டி, ஆபிரகாம் நம்பி மகிழ்ந்தான், சாராள் நம்பாமல் எள்ளினாள் என விளக்கினார். அகுஸ்தீனும் ‘தேவனுடைய நகரம்’ என்னும் தம் நூலில் ஆபிரகாமின் நகைப்பை மகிழ்ச்சியின் நகைப்பு என்றே கொண்டார். சாராள் கடிந்துகொள்ளப்பட்டாள், ஆபிரகாம் கடிந்துகொள்ளப்படவில்லை என்பது அவர்கள் முன்னிருந்த சிக்கல். அதனைத் தீர்ப்பதற்கு அவர்கள் இரண்டு நகைப்புகளையும் இருவேறு நகைப்புகளாக ஆக்கினர். ஆண் நகைத்தால் விசுவாசம். பெண் நகைத்தால் எள்ளல். இணையத்தில் மதிப்பெண் இடுவோருக்கு வெகுகாலம் முன்னரே, உரையாசிரியர்கள் நகைப்புக்குப் பாலின அடிப்படையில் மதிப்பெண் இட்டுவிட்டனர்.

மூலத்தைப் பொறுமையாக வாசிப்போம். ஆபிரகாம் நகைத்தவுடன் தேவன் பிறக்கவிருக்கும் பிள்ளைக்கு ஈசாக்கு எனப் பெயரிடுகிறார். நகைப்பு என்பதே அப்பெயரின் பொருள். சாராள் நகைத்தபோது, அவள் ஏன் நகைத்தாள் என்னும் கேள்வி முதலில் ஆபிரகாமிடமே கேட்கப்படுகிறது. வாக்குத்தத்தத்தை முன்னரே பெற்றிருந்தவன் அவனே. அதனை மனைவியிடம் அவன் சொல்லியிருந்ததாகத் திருமறையில் எக்குறிப்பும் இல்லை. பின்னர் சாராள் தான் நகைக்கவில்லை என மறுக்கிறாள். அவள் பயந்ததனால் மறுத்தாள் என ஆசிரியர் காரணத்தையும் சொல்கிறார். வாசலுக்குப் பின்னே நின்று, உள்ளத்திற்குள் நகைத்து, அகப்பட்டபோது அச்சத்தால் மறுக்கும் பெண்ணை நம் வீடுகள் எல்லாவற்றிலும் காண்கிறோம். நீ நகைத்தாய் என்று தேவன் சொல்வதைத் தண்டனையாகக் கொள்ளவேண்டுவதில்லை. அவளது நகைப்பு கேட்கப்பட்டது என்பதற்கான ஒப்புதல் அது. தொடர்ந்து எந்தச் சாபமும் வரவில்லை, பிள்ளை வந்தது.

21ஆம் அதிகாரத்தில் சாராள் வாய்திறந்து பேசுகிறாள். தன்னை நகைக்கச் செய்தவர் தேவனே என்கிறாள். இதனைக் கேட்கும் யாவரும் தன்னோடு சேர்ந்து நகைப்பார்கள் என்கிறாள். உள்ளத்தில் ஒளிந்திருந்த நகைப்பு ஊரார் நடுவே வந்துவிட்டது. கேட்போரை அவள் தன் நகைப்புக்குப் பங்காளிகளாக அழைக்கிறாள். நகைப்பின் ஊற்றுக் கர்த்தர் என்னும் இறையியல் உண்மையைத் திருமறையில் இத்துணைத் தெளிவாக முதலில் அறிக்கையிட்டவள் ஒரு பெண். எபிரெயர் 11ஆம் அதிகாரமோ விசுவாச வீரரின் பட்டியலில் அவள் பெயரைத் தயங்காமல் சேர்க்கிறது.

நீதிமொழிகள் 31இல் வரும் குணசாலியான பெண், வருங்காலத்தை நோக்கி நகைக்கிறாள் என்பதே எபிரெய மூலத்தின் நேர்ப்பொருள். நமது பழைய மொழிபெயர்ப்பு அதனை ‘மகிழுதல்’ எனத் தருகிறது. ஆபிரகாமுக்கு உயர்வு சேர்க்க ஓன்கெலோஸ் கையாண்ட அதே சொல்மாற்றம், இங்கே பெண்ணை அடக்கமுள்ளவளாகக் காட்டப் பயன்பட்டதோ என எண்ணத் தோன்றுகிறது.

6. மறுமொழி பேசிய பெண்

எள்ளலுக்குத் திருமறையில் இடமுண்டா? கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை எலியா எள்ளியதை வியந்து பிரசங்கிக்கிறோம். அது ஓர் ஆணின் எள்ளல். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் சீரோபெனிக்கியப் பெண்ணொருத்தி தன் மகளுக்காக மன்றாட வந்தபோது, பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது தகாது என்னும் கடுஞ்சொல்லைக் கேட்டாள். அவள் அழவுமில்லை, விலகவுமில்லை. அச்சொல்லையே பிடித்துக்கொண்டு, மேசையின்கீழ் விழும் துணிக்கைகள் நாய்க்குட்டிகளுக்கு உரியவையல்லவா என்று நயமாகத் திருப்பினாள். சொல்லாடலில் இயேசுவை வென்றவர் நற்செய்தி நூல்களில் அரியர். அவர்களுள் இவள் ஒருத்தி. மத்தேயு அவளது விசுவாசத்தைப் புகழ்கிறார். மாற்குவோ, அவள் சொன்ன அச்சொல்லின் நிமித்தமே மகள் விடுதலை பெற்றதாக எழுதுகிறார். இயேசு அவள் வாயை அடைக்கவில்லை. ஒரு பெண்ணின் கூர்மையான மறுமொழிக்கு எவ்வாறு செவிகொடுப்பது என்பதை அவர் தாமே காட்டினார்.

7. ஆயர்களின் கடமை

இவற்றிலிருந்து, பெண்கள் நடத்தும் நகைச்சுவை அனைத்தும் நல்லது என்னும் முடிவுக்கு வருதல் தவறு. தகாத பரியாசத்தைக் குறித்து எபேசியர் 5ஆம் அதிகாரம் எச்சரிப்பது இருபாலாருக்கும் பொருந்தும். ஏழையையும் ஊனமுற்றவரையும் தாழ்த்தப்பட்டவரையும் எள்ளும் பெண், ஆணைப் போலவே பாவம் செய்கிறாள். ‘மாட்’ தொடரைக் குறித்த எதிர்ப்பில் கண்டதுபோல, மெய்யான அறநெறிக் கண்டனத்திற்கும் இடமுண்டு. ஆகவே, கண்டனத்தையும் காழ்ப்பையும் பிரித்தறிவதே நம் பணி. அதற்குச் சில கேள்விகள் உதவும். இதே வார்த்தைகளை ஓர் ஆண் பேசியிருந்தால் நாம் நகைத்திருப்போமா? அவள் எள்ளியது வலியவரையா, எளியவரையா? நம் கண்டனம் அவள் சொல்லை நோக்குகிறதா, அவள் உடலை நோக்குகிறதா? முழுவதையும் பார்த்தபின் பேசுகிறோமா, பிறர் அனுப்பிய துண்டுக் காட்சியைக் கண்டு கொதிக்கிறோமா?

அடுத்ததாக, நமது பிரசங்கபீடத்தையே சோதித்துப் பார்ப்போம். பிரசங்கத்தில் சபையார் களைப்புறும்போது மனைவியைக் குறித்த நகைச்சுவைத் துணுக்கு ஒன்றைச் சொல்வது நம்மிடையே பரவலான வழக்கம். மனைவியின் செலவு, சமையல், வாய், மாமியார் சண்டை ஆகியன அத்துணுக்குகளின் பொருள். போதகரின் மனைவி முன்வரிசையில் அமர்ந்து, சபையாரோடு சேர்ந்து புன்னகைக்க வேண்டியவளாகிறாள். அவளுக்கு மறுமொழி கூற அங்கே ஒலிபெருக்கி இல்லை. மேடையை ஒருவருக்கே உரியதாக வைத்துக்கொண்டு மற்றவரை நகைப்புக்குரியவராக்குதல், தொலைக்காட்சியில் மட்டும் நிகழ்வதன்று. இறையியல் மாணவர்கள் பிரசங்கக்கலை பயிலும்போதே இவ்வழக்கத்தை விட்டொழித்தல் நன்று.

மேலும், ஐக்கியச் சங்கக் கூட்டங்களிலும் வாலிபர் கூடுகைகளிலும் நகைச்சுவை நாடகங்கள் நடத்துகிறோம். அவற்றில் புடவை கட்டிய வாலிபனுக்குக் கிடைக்கும் கைதட்டலைப் பார்த்திருக்கிறோம். அந்நாடகங்களை எழுதவும் நடத்தவும் பெண்பிள்ளைகளுக்கு வாய்ப்பளித்து, அவர்கள் எதனை நகைப்புக்குரியதாகக் காண்கிறார்கள் என்று செவிகொடுக்கலாம். சபைக் குழுவையோ போதகரையோ அவர்கள் நயமாக எள்ளினால், அதனைத் தாங்கும் பணிவு நமக்கு வேண்டும். கிராமத்துச் சபைகளில் முறைப்பாடு சொல்ல வாயற்றவர்கள் பலமுறை நகைப்பின் வாயிலாகவே உண்மையைச் சொல்கின்றனர்.

இறுதியாக, இணையத்தில் ஒரு பெண்ணை வசைபாடும் இளைஞன் நம் சபையின் பிள்ளையாகவும் இருக்கக்கூடும். வேலை கிடைக்காமலும், மணம் கூடாமலும், தான் மதிக்கப்படவில்லை என்னும் மனப்புண்ணோடும் இருக்கும் அவனுக்கு, நகைக்கும் பெண் தன்னையே எள்ளுவதாகத் தோன்றுகிறது. அவன் செய்வது பாவம் எனத் தெளிவாகச் சொல்லவேண்டும். அவன் புண்ணையும் ஆற்றவேண்டும். ஒருவரை எள்ளித் தாழ்த்தினாலன்றித் தான் உயர முடியாது என்னும் பொய்யிலிருந்து அவனை விடுவிப்பது நற்செய்திப் பணியின் ஒரு பகுதி.

நாம் வீடு சந்திக்கச் செல்லும்போது திரையை அணைத்துவிட்டுத்தான் இறைமக்கள் நம்மை வரவேற்கின்றனர். நம் காலடி ஓசை கேட்டவுடன் உள்ளறையில் பெண்களின் நகைப்பும் அடங்கிவிடுகிறது. அந்நகைப்பு எதைக் குறித்தது எனக் கேட்டறிய நமக்கு ஆர்வம் உண்டென்று அவர்கள் கண்டால், தங்கள் பாரங்களையும் அச்சமின்றிச் சொல்லத் தொடங்குவார்கள். தன்னோடு சேர்ந்து நகைக்குமாறு கேட்போர் யாவரையும் சாராள் அழைத்தாள். அவ்வழைப்பில் போதகருக்கும் பங்கு உண்டு.